வாடிய தழை

குப்பனூர்ப் பிரிவில் டெம்போ காத்திருந்தது.
குச்சிக்கிழங்கு பிடுங்கிய காட்டில்
குச்சிகளைக் கட்டாகக் கட்டிவிட்டு
யாருக்கும் வேண்டாத தழையை
வரப்போரம் குவித்தவள் நான்தான்.
கட்டுக்கு நாலு ரூபாய், எண்பது கட்டு.
அது புதன்கிழமை.

வியாழன் மதியம்
கந்தாயி அக்காவின் சுட்டி வெள்ளாடு
கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து
வாடிக் கிடந்ததை வயிறாரத் தின்றது.
தள்ளாடியது.
வேலிக்காலில் சாய்ந்து
வாயை அகலத் திறந்து
மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தது.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து
கால்நடை டாக்டர் வருவதற்குள்
கண் நிலைத்துவிட்டது.
உதட்டை மடித்துக் காட்டினார்.
ஈறு பழுத்த மிளகாய்ச் சிவப்பு.
"ரத்தத்துல காத்து நிறையவே இருக்கு.
எடுத்துக்கத்தான் ஆளில்ல."
சொல்லிவிட்டுக் கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

அன்றிரவு
உயிரியல் புத்தகத்தில்
அந்த ஆளைத் தேடினேன்.
மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில்
எலக்ட்ரானைக் கைமாற்றும் வரிசையில்
கடைசியாக நிற்கிற நொதி.
வாங்கியதை ஆக்சிஜனிடம் கொடுப்பது அதன் பாடு.
அதன் நடுவில் இருக்கும் இரும்பணுவைத்தான்
சயனைடு பிடித்துக்கொள்கிறது,
ஆலைச் சக்கரத்தில் சிக்கிய
கோணிநூல் மாதிரி.
முன்னால் நிற்பவர்களெல்லாம்
கையில் எலக்ட்ரானோடு அப்படியே நிற்கிறார்கள்.
ஆட்டால் நிற்க முடிவதில்லை.

தழையில் அது எங்கே இருந்தது?
அதுவாக இருக்கவே இல்லை.
செல்லின் நடுவே வாக்குவோலில்
சர்க்கரையோடு கட்டிப்போட்ட ஒரு மூலக்கூறு.
செல்சுவரில், வேலையில்லாமல், ஒரு நொதி.
இடையில் ஒரு சவ்வு.
பாலாடையை ஆயிரம் முறை உரித்தாலும்
அவ்வளவு மெல்லிசு வராது.
பல் பட்டால் கிழியும்,
வெயிலில் வாடினாலும் கிழியும்.
கிழிந்ததும் நொதி வந்து
சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது.
அவிழ்ப்பது மட்டும்தான் அது செய்வது.
மிச்சம் தானாக இரண்டாகிறது:
ஒன்று நகப்பூச்சைத் துடைக்கிற திரவம்.
மற்றது அது.

ஓட முடியாத செடி
நாலே எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டு
இதை எழுதி வைத்திருக்கிறது.
குச்சியை நட்டால் அடுத்த தையிலும்
அநேகமாகப் புள்ளி பிசகாமல் அதே எழுத்து.
நான் கட்டிய எண்பது கட்டிலும்
அது டெம்போ ஏறிப் போனது.

அம்மா வேலை செய்யும் சேகோ ஆலையில்
கிழங்கை அரைத்துத் தொட்டி தொட்டியாய்க் கழுவுவார்கள்.
விஷம் தண்ணீரோடு போய்விடும்.
புளித்த வாடை மட்டும்
அம்மாவின் புடவையில் வீட்டுக்கு வரும்.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு.
மாவுக் கரைசல், அயோடின், அவரவர் எச்சில்.
நீலம் மறைய எனக்கு ஆறு நிமிடம்,
பக்கத்து மேசை தமயந்திக்கு நாலு.
வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர்
ஒரு நொதி பேர் சொல்லச் சொன்னார்.
எனக்கு முன்னால் பதினேழு பேரும் சொன்ன அமைலேஸ்
என் நாக்கிலேயே இருந்தது,
நிஜமாகவே.

"லினமரேஸ்" என்றேன்.

"எங்க படிச்ச?"
ஜன்னலில் சேர்வராயன் மலை
வெயிலுக்கு வெளுத்துக் கிடந்தது.
ஆட்டைப் பற்றி நான் சொல்லவில்லை.
"புத்தகத்துல இல்லியேம்மா" என்று
பேனாவை மூடிவிட்டார்.

முந்நூற்று இருபது ரூபாய்
மடித்தபடி ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.
ஆட்டு விலையில் ஒரு காலுக்குக் காணாது.

எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும்
நடுவில் ஒரே சுவர்.
அந்தப் பக்கம், புதிதாக வாங்கிய குட்டிக்குத்
தழை கழிக்கிற சத்தம்.
கல்லில் ஏறி எட்டிப் பார்த்தேன்.
வேப்பந்தழைதான்.

இறங்கியிருக்கலாம்.

"அக்கா" என்று கூப்பிட்டேன்.