விடுபட்ட சீர்

வாரம் ஐந்து ஷில்லிங். பீர் செலவு தனிக்கணக்கு.
ஷெஃபீல்டில் கத்தி தீட்டும் தெருக்களில்
சனிக்கிழமை இரவு எந்தக் கடையில் என்ன பாட்டு என்று
எழுதிக் கொடுக்க வேண்டும்.
பிரான்சில் ராஜாவின் தலை விழுந்து
ஒரு வருஷம் ஆகியிருந்தது.
இங்கே எங்கள் மாஜிஸ்திரேட்டுக்குத்
தன் கழுத்தைத் தடவிப் பார்க்காமல் தூக்கம் வராது.

ஜேபஸ் ஓல்ட்ராய்டு. அரம் வெட்டுகிறவன்.
இடது கட்டைவிரலில் நகம் கிடையாது.
எழுத்து தெரியாது.
சுத்தியல் விழும் இடத்தில் சொல் விழும், அவ்வளவுதான் அவன் யாப்பு.
மெட்டு மட்டும் கோயிலில் திருடியது:
ஆண்டவரைத் துதிக்கும் அதே ராகத்தில்
ரொட்டி ஏன் இந்த விலை என்று கேட்பான்.

மேசைக்கடியில், முழங்கால் மேல் தாள் வைத்து எழுதினேன்.
மூன்று பாட்டு ஒழுங்காய் வந்தன.
நான்காவதில், கடைசி அடியில்,
அவனுக்கு இருமல்.
கூட்டம் அந்த இடத்தை
மேசையில் இரண்டு குத்து குத்தி நிரப்பியது.

வீட்டில் படியெடுக்கும்போது பார்க்கிறேன்:

ராஜாவின் மேசையில் எங்கள் ரொட்டி,
இனி எங்கள் மேசையில் ராஜாவின்

அதற்கு மேல் இல்லை.
பாடகர் குழுவில் பிரம்படி பட்டு வளர்ந்த காது என்னுடையது.
ஓட்டைப் பாட்டைப் பொறுக்காது.
மெழுகுவத்தி பாதி எரியும் வரை உட்கார்ந்திருந்து
இரண்டு குத்துக்கு ஒரு சொல் போட்டேன்:
தலை.
நன்றாகத்தான் உட்கார்ந்தது. பாவி, ஒரு தரம் பாடிக்கூடப் பார்த்தேன்.

யார்க் நீதிமன்றத்தில் என்னைச் சாட்சி ஏற்றினார்கள்.
"பாடாதே, படி" என்றார் நீதிபதி.
கடுதாசி படிப்பதுபோல் படிக்கப் பார்த்தேன்.
நாக்கு சந்தத்தில் வழுக்கியது.
மாடியில் நின்ற ஜனம் மரச்செருப்பால் தாளம் போட்டது.
அந்த மாகாணத்தில்
அதை உரக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகக்கூடிய
ஒரே ஆள் நான்.
கடைசிச் சொல்லுக்குத் தாளம் நின்றது.
குமாஸ்தாவின் பேனா மட்டும் கீறியது.

ஜேபஸ் கூண்டிலிருந்து என்னைப் பார்த்தான்.
கோபம் இல்லை.
பாட்டுக்காரன் இன்னொரு பாட்டுக்காரனைப் பார்க்கும் பார்வை.
"உப்பு" என்றான் நீதிபதியிடம்.
"ஐயா, நான் கட்டினது உப்பு. வரி போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த உப்பு."
சிரித்தார்கள்.
பதினான்கு வருஷம், கடல் கடந்து.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது வழக்கு.
தின்னாத உப்புக்கு
அவன் ஒரு சமுத்திரத்தையே பார்க்கப் போனான்.
தின்ற நான் பீர் குடித்தேன், தனிக்கணக்கில்.

பாட்டு மட்டும் ஊரில் தங்கிவிட்டது.
மீன்காரி தபித்தா, கரிவண்டிப் பையன்கள், எல்லோரும்
என் சொல்லைப் போட்டுத்தான் பாடுகிறார்கள்.
ஒருவருக்கும் உப்பு பிடிக்கவில்லை.
வேலையை விட்டுவிட்டேன்.
கடைக்குப் போவதை விட முடியவில்லை.

போன சனிக்கிழமை
மூலையில் ஒரு புதுமுகம். கை மேசைக்கடியில்.
பீரைத் தொடவே இல்லை, மடையன்.
நான் எழுந்து நின்று பாடினேன்.
கடைசி அடிக்கு முன் மூச்சு வாங்கி,
அவன் பக்கம் திரும்பி,
நிறுத்தி, தெளிவாய்,
உப்பு என்றேன்.

அதே நொடியில் கடை முழுவதும் மற்றதைக் கத்தியது.

அவன் குனிந்து ஏதோ எழுதினான்.