முப்பத்தொன்றாம் சைகை

கஸ்பார் மொரெஸ்தியே, வயது எழுபத்தாறு.
நிகழ்ச்சித்தாளில் அறுபத்திரண்டு படங்கள் என்றிருந்தது.
அவற்றுள் இருபத்து மூன்றில் செத்துப்போகிறார்:
நான்கு முறை தண்ணீரில், ஒரு முறை கயிற்றில்,
மற்றதெல்லாம் தோட்டா.
கட்டிலில் படுத்து நிம்மதியாக ஒரே ஒரு தடவை.
அதைத்தான் இயக்குநர் வெட்டிவிட்டாராம்.

சொன்னது அவரேதான்,
தோஹா அரங்கின் பின்வாசலில், சிகரெட்டுக்கு நிழல் தேடியபடி.
நான் காரைக்கால்காரன். பள்ளியில் படித்த பிரெஞ்சு
பாதி துருப்பிடித்துக் கிடந்தது.
"முசே, சாயாதீங்க, சுவர் சுடும்" என்றேன்.
மூன்று நாளும் என்னைத் தேடி வந்தார்.

அறையில் சேகு நயினார் போட்டோவைப் பார்த்துவிட்டு
"ரயில் கூரைமேல சுடுபடுவானே, அந்த ஆளா?"
தமிழ் பேசவைத்த படம். அதில் அவருக்குக்
கோடம்பாக்கத்துக் குரல்.
சொந்தக் குரலோ
ஈரச் சாக்கைத் தரையில் இழுக்கிற மாதிரி.

ரூவான் நகரில், பத்தொன்பது வயதில், முதல் வேடம்:
வேலைக்காரன். ஒரே வரி.
"முசே, வண்டி தயார்."
நூற்றுப்பத்து இரவு.
வரியைவிடக் கதவைத் திறப்பதுதான் கஷ்டம் என்றார்;
உள்ளே இருக்கும் யாரும்
திரும்பிப் பார்க்காதபடி திறக்க வேண்டும்.

கடைசி நாள். நான் மேலே, வட்ட விளக்கின் பின்னால்.
அவர் நாற்காலியில் உட்காரும்போது இருட்டு:
முப்பத்தொன்றாம் சைகை.
உட்காரவில்லை.
நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.
நடிப்பா, மறதியா,
காதுக்குழலில் நாயிலா, "அணை" என்கிறாள். "அணை, அணை."
விரல் கேட்கவில்லை.
வட்டத்துக்குள் தூசி மட்டும் நடமாடியது.
கண்ணை உயர்த்தி விளக்கைப் பார்த்தார். பிறகு
"முசே, வண்டி தயார்."

அந்த நாடகத்தில் இல்லாத வரி.

அணைத்தேன்.
இருட்டில் கைதட்டல்; வெளிச்சம் வந்தபோது
முன்வரிசை வெள்ளை அங்கிகள் எழுந்து நின்றிருந்தன.

ஒன்பது விநாடித் தாமதம். அரைநாள் கூலி.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
மேற்பார்வையாளரே கவனக்குறைவு என்று எழுதித் தந்தார்.
கையெழுத்துப் போட்டேன்.
விடியலில் அவர் விமானம்.

நாற்காலி நின்ற இடத்தைக் காட்டப்
பெருக்கல் குறியாய் ஒட்டிய பச்சை நாடா.
உரித்தால் பாதிதான் வந்தது.
மீதியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கையில்
அடுத்த குழுவில் ஒருவன் மைக்கைத் தட்டி
ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்றான்
காலி நாற்காலிகளைப் பார்த்து.