காபன் தாள்

யுத்தம் முடிந்தும் தாளுக்குத் தட்டுப்பாடு.
ஒரு காபனை ஏழு முறை பாவிக்க வேணுமென்று
பெரிய கிளாக்கர் சுற்றறிக்கை விட்டிருந்தார்.
அதனால்தான் இது நடந்தது.
இல்லை, நடந்தது எப்படியும் நடந்திருக்கும்.
அதனால்தான் என் கண்ணில் பட்டது.

யாழ்ப்பாணக் கச்சேரி, மேல்மாடி,
பழைய பூங்கா மரங்களைப் பார்த்த யன்னல்.
என் தட்டச்சுப் பொறியில் ஒரு எழுத்து மட்டும்
வரிக்கு மேலே துள்ளி நிற்கும்.
மாசி மாதம், காலையில் அடித்தது
ராசாவின் பிறந்தநாள் கௌரவப் பட்டியலுக்கு
ஏசண்டுத் துரை அனுப்பும் சிபாரிசு.

தீவுப்பகுதி அப்போதிக்கரி அருளையா.
பத்தொன்பது வருடச் சேவை.
நெருப்புக்காய்ச்சல் பரவிய அந்த மாரியில்
நெடுந்தீவுக்கு முப்பத்தொரு தடவை
கடல் கடந்தார்.
"கடந்தார்" என்றுதான் அடித்தேன்.
படிவத்தில் சேவைக்கு நாலு வரி இடம்.
நாலு வரிக்குள் வள்ளம் கொள்ளாது.

பிழை சொல்லவில்லை, தகுதியான மனுசர்.
ஊசி போடும்போது நடுங்காத கை,
கடலில் இறங்கினால் விளிம்பைப் பிடித்தபடி
கரை வரும்வரை சத்தியெடுப்பார்.
அப்படியும் முப்பத்தொரு தடவை.

மத்தியானம் அடித்தது மற்றது.
ஊர்காவற்றுறை, வைத்தியப்பகுதி வள்ளக்காரன்
நீக்கிலாஸ் பவிலு போட்ட பெட்டிசத்துக்குப் பதில்.
அதே மாரியில் பாய் கிழிந்து போச்சுதாம்,
புதுப் பாய்க்கு முப்பத்தாறு ரூபா,
அரசாங்கம் பாதி தந்தாலும் போதுமாம்.
பெட்டிசக்காரர் தன் கூலிக்குக் குறைவில்லாமல்
இரண்டு பக்கம் துரையைப் புகழ்ந்து
கடைசி வரியில் பாயைச் சொருகியிருந்தார்.
எங்கள் பதில் மூன்றே வரி.

ஐந்தரை மணி. பொறியை மூடும் முன்
காபனைத் தூக்கி யன்னலில் பிடித்தேன்,
இன்னொரு நாள் தாங்குமோ என்று.
வெளிச்சத்தில் இரண்டு கடிதமும்
ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன.
"தளராத சேவை" மேல் "தர இயலாது".
முப்பத்தொன்றின் மேல் முப்பத்தாறு.
துள்ளும் எழுத்து இரண்டிலும் துள்ளியது.
தாங்கும்போல்தான் இருந்தது.
லாச்சிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஆனி கழிந்து பழைய பூங்காவில் கூடாரம், பாண்டு வாத்தியம்.
வெள்ளிச் சிலுவை, நடுவில் ராசாவும் ராணியும்,
சுற்றிவர "கடவுளுக்கும் பேரரசுக்கும்".
ரோசாப் பட்டிக்குச் சாம்பல் கரை.
துரை குத்திவிடும்போது அப்போதிக்கரி
புல்தரையிலும் காலை அகட்டி நின்றார்,
தரை ஆடும் என்று எண்ணியவர் போல.

மூன்றாம் நாள் என் மேசைக்கு முன்னால் பவிலு.
மடியிலிருந்து எடுத்த கடிதத்தில் உப்பு வாசம்.
"வாசிச்சுச் சொல்ல பெட்டிசக்காரர்
ஐம்பது சதம் கேக்கிறார், தம்பி.
அவருக்கு எழுதக் குடுத்ததே காணும்."
பிறகு சிரித்தார்.
"ஊருக்கெல்லாம் ஊசி குத்தினவருக்கு
ராசா குத்திப்போட்டாராமே!"

விரித்தேன். முதல் வரியிலேயே
அந்த எழுத்து துள்ளியது.
இங்கிலீசைத் தமிழாக்கி மெதுவாகத் தொடங்கினேன்:
"வருத்தத்துடன் அறியத்தருகிறோம்..."

முடிக்க விடவில்லை.
"ஆருக்கு வருத்தம்? எந்தத் தீவு?"
கை அதற்குள் தலைத்துண்டை இறுக்கியது.
"சோழகம் எதிர்க்காத்து, பாய் எப்படியும் உதவாது.
சவள் போட்டா விடியமுன்னம் பிடிக்கலாம்.
ஐயாவுக்கு ஆள் அனுப்பியாச்சோ?"

மற்ற மேசைகளில் பொறிகள் நின்றன.
எட்டு வருடம் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்
தமிழில் ஒரு சொல்லுக்குத் தடவினேன்.
"ஒருத்தருக்கும் இல்லை" என்றேன்.

"மாதாவே, அப்ப நல்லது."

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு
படியிறங்கிப் போனார்.
கடிதத்தை மேசையிலேயே விட்டிருந்தார்,
ஒருத்தருக்கும் வருத்தமில்லாத கடிதம்.