இருபத்து நான்கு நிமிடம்

கோட்டைவாசல் வளைவில், கம்பத்து உச்சியில் ஒரு காற்றுமானி.
பத்து விநாடிக்கு ஓர் எண்.
அதை மூன்று பெட்டிகள் எழுதிக்கொள்கின்றன:
செங்கோட்டையில் ஒன்று, தென்காசியில் ஒன்று,
மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் ஒன்று.
மூன்றும் ஒன்றையே சொல்லவேண்டும்.
சொல்கிறதா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரு மணிநேரத்து எண்களைச் சுருட்டி
ஒற்றைக் கைரேகையாக்கி
பக்கத்துப் பக்கத்தில் வைப்பேன்.
பச்சை, பச்சை, பச்சை.

ஆனி பதினெட்டு, இரவு இரண்டு மணிக் கட்டம்
சிவப்பு.

மணியை அரையாக, அரையைக் காலாக
பேன் பார்ப்பதுபோல் வகிடு பிரித்துக்கொண்டே போனேன்.
இரண்டு பதினேழிலிருந்து இரண்டு நாற்பத்தொன்று.
நூற்று நாற்பத்து நான்கு எண்கள்.
செங்கோட்டை: பூஜ்யம். தென்காசி: பூஜ்யம்.
புனலூர்: பதினெட்டு, இருபத்தொன்று,
இருபத்தாறு புள்ளி நான்கு.

கடிகாரம் பிசகி, ஒரே காற்று
இரண்டு நேரங்களில் பதிவாவதுண்டு.
பார்த்தேன். கடிகாரங்கள் சரி.

பினோயைக் கூப்பிட்டேன். புனலூர்ப் பெட்டி அவன் பாடு.
"ரெண்டு பேர் சொல்றதல்லே சேச்சி கணக்கு?
என் பெட்டியைத் திருத்திக்கோ" என்றான்
தூக்கத்தில், பெருந்தன்மையாக.
விதி அதுதான். மூன்றில் இரண்டு. நான் எழுதியது.

இருந்தாலும் ஆனி மாதம், கணவாய், பூஜ்யமா?
காற்று இல்லை என்பது ஒன்று.
காற்று காதில் விழவில்லை என்பது வேறு.
வெறுமனே விட்டிருந்தால்கூடப் புரிந்திருக்கும்.
இந்தப் பக்கத்து இணைப்பு அறுந்திருக்கிறது;
அறுந்தால் பூஜ்யம் போட்டு நிரப்பு என்று
எவரோ எங்கோ ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார்.

ஸ்கூட்டரில் புளியரை தாண்டி ஏறினேன்.
எல்லைக்கு அப்பால் சசிதரன் டீக்கடைக்கு
கூரை இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய்.
"ரெண்டரை இருக்கும். வைக்கோல் லாரி ரெண்டு நின்னிருந்தது.
பாதி வைக்கோலும் போச்சு."
தகரம் எங்கே என்றேன்.
கிழக்கே கை காட்டினார்.
எங்கள் பக்கத்து ஓடையில் மடங்கிக் கிடந்தது,
காற்றே அடிக்கவில்லை என்று
இரண்டு பெட்டிகள் சாட்சி சொல்லும் பக்கத்தில்.

டீ குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

திரும்புவதற்குள் பன்னிரண்டு மணிச் சீரமைப்பு
தானாக ஓடி முடிந்திருந்தது.
மூன்றும் பூஜ்யம். பச்சை, பச்சை, பச்சை.

டீக் கறை பட்ட என் நோட்டில் மட்டும்
இருபத்தாறு புள்ளி நான்கு.
மீதி நூற்று நாற்பத்து மூன்றை
நான் எழுதிக்கொள்ளவில்லை.

சசிதரன் போனில் கேட்கிறார்:
தகரத்தைத் தூக்க உங்கள் பக்கத்தில் ரெண்டு ஆள் கிடைக்குமா.