பிடி, விடு

அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே அறைக் கதவு ஒழுங்காகச் சாத்தாது.
மழைக்காலத்தில் மரம் உப்பிக்கொள்ளும்.
இடது காலால் ஓர் உதை விட்டால்தான் தாழ் விழும்.
பன்னிரண்டு வருஷமாக உதைக்கிறேன்.

ஐப்பசிக் கடைசி. சீட்டு நம்பர் நாற்பத்தொன்று.
செய்யதலி பாத்திமா, வயது ஐந்து, பொட்டல்புதூர்.
நெஞ்சுப் படம்.
ஆறு வாரமாக இருமல் என்பது
டாக்டர் கையெழுத்தில்
ஒரு கோடும் இரண்டு புள்ளியும்.

ஐந்து வயதென்றால் எனக்குத் தெரியும்:
ஒருத்தர் காலைப் பிடிக்க, ஒருத்தர் கையைப் பிடிக்க,
படத்தில் பிள்ளையின் விலாவோடு
அம்மாவின் வளையலும் விழும்.
போன வாரம் ஒருவன் என் மணிக்கட்டைக் கடித்தான்.
கடையத்துக்காரன். நல்ல பல்.

இவள் சட்டையைத் தானே கழற்றினாள்.
மடித்தாள்.
கழுத்துக் கறுப்புக் கயிற்றில் ஒரு தகடு.
"இதுமா?"
"இதும்தான்."
கழற்றி உம்மாவிடம் நீட்டினாள்.
பீடித்தூள் ஏறி மஞ்சளான விரல்கள்
வாங்கும்போது நடுங்கின.

"எதுக்கும் மாட்டேன்னு சொல்ல மாட்டா.
மாத்திரைன்னா வாயத் தொறப்பா, ஊசின்னா கையக் குடுப்பா.
அழுதா ஒரு அதட்டாவது போடலாம்.
அதுக்கும் வழியில்லம்மா."
"நீங்க மாசமா இருக்கீங்களா?"
"அஞ்சு."
"அப்போ வெளிய நில்லுங்க."
உதைத்துச் சாத்தினேன்.

ஸ்டூலில் ஏற்றினேன். பலகை சில்லென்றிருக்கும் என்றேன்.
தலையாட்டினாள்.
நாடியை மேலே வை என்றேன், வைத்தாள்.
தோளை முன்னால் தள்ளு என்றேன், தள்ளினாள்.
"பிடின்னதும் மூச்ச இழுத்துப் பிடிச்சிக்கிடணும்.
ஆடக் கூடாது.
விடுன்னா விடணும். என்ன?"
"ம்."

தடுப்புக்குப் பின்னால் போய்
பிடி என்றேன்.
கரண்ட் போனது.

முதலில் மின்வாரியத்தைத் திட்டினேன்.
பிறகு மேசையில் டார்ச்சைத் துழாவினேன். கத்தரிக்கோல் கிடைத்தது.
ஜன்னலில்லா அறையிலிருந்து குரல் கொடுத்தேன்:
"சங்கிலிபூதத்தான் அண்ணே, ஜெனரேட்டர்!"
அவர் டீக்கடையிலிருந்து வந்து சேர வேண்டும்.
மேல்வாரியத்தையும் திட்டினேன்.
அப்புறம்தான் உறைத்தது,

ஆறு வாரமாக இருமும் பிள்ளை
இருமவில்லை.

டார்ச்.
நான் வைத்த இடத்தில் நாடி.
நான் தள்ளிய இடத்தில் தோள்.
கன்னம் உப்பி, முகம் கறுத்து,
கண்ணிலிருந்து நீர் இறங்கிப் பலகையில் ஓடுகிறது.
ஆடவில்லை.

"விடு! விடு பிள்ள, விடுட்டீ!"

விட்டாள்.
அடக்கி வைத்த இருமலெல்லாம்
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வெளியே வந்தது.
என் தோளில் சாய்த்துக்கொண்டேன். எலும்பும் சூடுமாக ஒரு முதுகு.
வெளியிலிருந்து யாரோ கதவை உதைத்தார்கள்.
மாசமான பெண் இப்படி உதைக்கக் கூடாது.
ஒரே உதையில் திறந்தது.

"நா ஆடலக்கா," என்றாள்
மூச்சு வந்ததும்.

கரண்ட் வந்தபோது
பிடியும் விடுவும் ஒரே சொல்லாக வந்துவிட்டது என் வாயில்.
படம் கலங்கியது.
டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"பிள்ள ஆடிட்டா?"
"இல்ல சார். பிள்ள ஆடல."
மூன்றாம் தடவைக்கு
அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு
விடு என்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.
மெழுகுவத்தி ஊதுவதுபோல் இரண்டு தரம் விடச் சொல்வேன்.
அக்கா மறந்துட்டா நீயா விட்டுக்கோ என்பேன்.
நேரமாகிறது என்று
வெளியே வரிசை முனகும்.

கார்த்திகையில் கடையத்துக்காரன் திரும்ப வந்தான்.
அதே மணிக்கட்டு.
கடிக்கட்டும் என்று
கொஞ்ச நேரம் கையை இழுக்காமல் வைத்திருந்தேன்.