வேறு காரணம்

காலை ஆறே முக்கால் வவுனியா பஸ்.
தண்ணீரூற்றில் ஏறினேன்.
கழுத்தில் அடையாள அட்டை, கையில் அலுவலகப் போன்,
அதன் முதுகில் எனக்கு முன்பிருந்தவர் ஒட்டிய மாதா ஸ்ரிக்கர்
பாதி உரிந்திருக்கிறது.

'காட்டைக் காட்டுங்கோ' என்றால்
கடைசிச் சீற்றுப் பெடியள் யன்னலுக்கு வெளியே கைநீட்டுவார்கள்:
'உந்தா மிஸ், பாலை. உந்தா, வீரை.'
தினமும் இதே பகிடி.
தினமும் நான் சிரிப்பதில்லை.

போனைக் காட்டுக்கு மேல் பிடித்தால் போதும்.
ஏறிய இடம், ஏறிய நேரம், மிச்சக் காசு.
மாங்குளம் ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் பதினொரு ரூபா மிச்சம்.
மீன்காரரின் காட் மடிக்குள்ளிருந்து செதிலோடு வரும்,
போன் செதிலுக்கு ஊடாகவும் படிக்கும்.
கடைசிப் பத்துப் பயணமும் தெரியும்.
பார்ப்பதில்லை என்று சொன்னால் பொய்.
செவ்வாய் தவறாமல்
வவுனியாக் கச்சேரியடியில் இறங்கும் ஒருத்தியிடம்
எதற்கென்று திரை கேட்பதில்லை.
நானும்.

கனகரூபனின் காட்டுக்குத் திரை சிவந்தது.
நேற்று: ஏறியது முள்ளியவளை.
இறங்கியது
ஒரு கோடு மட்டும்.
முந்தநாளும் கோடு, அதற்கு முதல்நாளும்.
கீழே, கொழும்பில் எவரோ பெயர்த்துப் போட்ட தமிழில்:
பூரணமற்ற பயணி.

பயணம் என்று இருக்கவேண்டும்.
ஆவணியில் எழுதிப் போட்டேன்,
அடுத்த பதிப்பில் திருத்துவோம் என்றார்கள்
ஆங்கிலத்தில்.

அவர் எட்டிப் பார்த்தார். எழுத்துக் கூட்டி
முழு பஸ்ஸுக்கும் கேட்க வாசித்தார்.
பிறகு காட்டின் விளிம்பால்
வலது கணைக்காலில் தட்டினார்.
டொக்.
'மெசினுக்கு ஆர் சொன்னது?'

பஸ் சிரித்தது. கொண்டக்டர் றொபின்சன்
கம்பியில் சாய்ந்து சிரித்தார்.
நர்ஸ் மட்டும் தன் பையின் சிப்பை
இழுத்துத் திறந்தாள், இழுத்து மூடினாள்.

'அண்ணை, ஒவ்வொரு நாளும்
வவுனியா மட்டும் போனமாதிரிக் காசு வெட்டுப்படுது.
கரிப்பட்டமுறிப்பில இறங்கேக்க
காட்டை வைக்கவேணும்.'
'வைக்கலாம் தங்கச்சி,
எந்தக் கையாலை?'

ஒட்டுசுட்டான் தாண்டியது.
ஒரு கோடு சிக்னல், பிறகு அதுவும் இல்லை.
கரிப்பட்டமுறிப்பில் பஸ் நிற்கவில்லை,
நிற்பதற்கு நினைத்தது, அவ்வளவுதான்.
இடது கை ஒரு கம்பியில். வலது கை மற்றக் கம்பியில்.
முதலில் வாங்கிய கால் இறங்கியது,
தரை இருக்கிறதா என்று ஒருதரம் கேட்டு.
பிறகு பிறந்த கால்.
காட் சேட்டுப் பொக்கற்றுக்குள்.
மெசின் அவர் தோளுக்கு நேரே
பச்சையாய்க் கண்சிமிட்டிக்கொண்டு.
கையை விட்டபோது அவர் றோட்டில்,
நாங்கள் மூன்று பாலைமரம் தள்ளி.

அபராதம்.
எச்சரிக்கை.
வேறு காரணம்.
இந்த மூன்றுக்குள் ஒன்றை அமத்தினால்தான்
அடுத்த ஆளின் காட்டைப் பார்க்கவிடும்.
மூன்றாவதை அமத்தினேன்.
இருபது எழுத்துக்கு இடம்.
கொம்பையும் விசிறியையும் குற்றையும்
தனித்தனி எழுத்தாக எண்ணுகிற இருபது.
நான் எழுதியது:
இரண்டு கையும் கம்பியில்.
அது ஏற்றுக்கொண்டது:
இரண்டு கையும் கம்பிய

சக்கரம் சுற்றிச் சுற்றிச் சுற்றி
ஒலுமடு வந்தது, போகவில்லை.
மாங்குளம் சந்தியில், தேத்தண்ணிக் கடைக்கு எதிரே,
சட்டென்று போயிற்று.

திங்கள் டிப்போவிலிருந்து அழைப்பு.
புதிய மேற்பார்வையாளர், நல்ல மனுசன்,
இடங்களின் பெயர் இன்னும் பிடிபடவில்லை.
'பிள்ளை, வெள்ளிக்கிழமை ஒரு காரணம் போட்டிருக்கிறீர்.
கம்பிய எண்டது எந்த ஸ்டொப்?'

கரிப்பட்டமுறிப்பு, சேர், என்றேன்.
அங்கை பஸ்ஸை
முழுசா நிப்பாட்டச் சொல்லுங்கோ.