இரண்டு கட்டங்கள்

முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள்.
ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு காலிக் கட்டங்கள்:
தரம், முக்கியத்துவம்.
கலைக்களஞ்சியத்தில் உளவியல் என் பங்குக்கு வந்தது.
மஞ்சக்குப்பம் கூட்டுறவு வங்கியில்
பகலெல்லாம் அடகு நகைக்கு மதிப்புப் போடுகிறவள்,
இதையும் போட்டுவிடுவாள் என்று நினைத்திருப்பார்கள்.

தரம் சுலபம்.
'ஆய்வாளர்கள் கூறுகின்றனர்' என்றால் எந்த ஆய்வாளர்?
உரைகல்லில் இழுத்த கோடு மாதிரி
பார்த்ததும் தெரிந்துவிடும்.
'நினைவாற்றல்' சுத்தத் தங்கம்.
'கனவு' பாதிக்குமேல் செம்பு.
'ஆளுமை' எழுதியவருக்குத்
தன் ஆளுமைமேல் அபார நம்பிக்கை.
'மனச்சோர்வு' நன்றாகத்தான் தொடங்குகிறது,
நடுவில் யாரோ ஒரு லேகியத்தைச் செருகியிருக்கிறார்.
எடுத்தெறிந்தேன். தரம்: இடைநிலை.

முக்கியத்துவம்தான் இழுக்கிறது.
உச்சம், உயர்வு, நடு, தாழ்வு.
யாருக்கு என்று விதிமுறையில் எழுதவில்லை.
தேவனாம்பட்டினத்திலிருந்து
ஒன்றரை கிராம் தோட்டோடு வந்து நிற்பவளுக்கு
எடை மட்டும் எழுதித் தருகிறேனே, அது போல.

இன்னொரு மதிப்பீட்டாளர் புதுச்சேரியில்,
குருசுக்குப்பத்து மரி தெரேஸ். ஓய்வுபெற்ற நர்ஸ்.
"நகம் கடிக்கிறதுக்கு எப்படி நீ தாழ்வு போடலாம்?
மனநல வார்டுல முப்பது வருஷம். எனக்குத் தெரியும்."
'பசி'க்கு உச்சம் கேட்டார்.
அது உடலியல் என்றேன்.
"ஒரு நாள் பட்டினி கிடந்துட்டு வந்து பேசு."
உயர்வில் சமாதானம் ஆனோம்.

இருநூற்று நாற்பத்தேழு: 'சூழல்சார் பேசாமை'.
மூன்றே வரி.
வீட்டில் பேசும் குழந்தை பள்ளி முதலிய இடங்களில் பேசாதிருத்தல்.
இது பிடிவாதம் அன்று.
காரணம் முழுதும் அறியப்படவில்லை.
தரம்: குறுங்கட்டுரை.
முக்கியத்துவம்: தாழ்வு.
போட்டுவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் போன்.
"இதுக்கு ஏன் தாழ்வு?"
"நூற்றில் ஒருவர்கூடத் தேறாது."
"அந்த ஒருத்தரோட அம்மாகிட்ட சொல்லு இதை."
நான் ஒன்றும் சொல்லவில்லை.

வங்கியில் என் சொந்த நகையை நான் உரைக்க முடியாது.
களஞ்சியத்திலும் அதே விதி, ஆறாவது:
தமக்கு நெருங்கிய பொருளை எவரும் மதிப்பிடலாகாது.

கயலினி இரண்டாம் வகுப்பு.
திருப்பாதிரிப்புலியூர்ப் பள்ளியில் பதினான்கு மாதம்,
அங்கே ஒரு சொல் உதிர்த்ததில்லை.
மதிப்பெண் அட்டையில் கணக்கு ஏ, தமிழ் ஏ,
வாய்மொழிக்கு எதிரே பேனா வைத்து எடுத்த ஒரு புள்ளி.
வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும் முன்பே
எதிர்வீட்டு நாய்க்கு ஜுரம்,
டீச்சர் இன்னைக்கு வேற கண்ணாடி,
குழம்புல ஏன் இவ்வளவு புளி.

உயர்வு என்று போட்டிருந்தால்
என் கையெழுத்து அதில் தெரிந்திருக்கும்.
அதனால் தாழ்வு.

நேற்றுப் புதுச்சேரி பஸ்ஸில், கெடிலம் பாலத்தில்,
என் காதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தாள்
ஆத்துல தண்ணி இல்லாதப்ப மீன் எங்க தங்கும் என்று.
"பாப்பாவுக்கு என்ன வயசு?" கண்டக்டர்.
மீன் பாதியில் நின்றது.
எப்போதும் நான்தான் முந்திக்கொண்டு சொல்வேன்.
நேற்று ஏனோ சொல்லவில்லை.
பின்சீட்டில் ஒருவர் மீதிச் சில்லறைக்குக் கத்தினார்.
கண்டக்டர் அசையவில்லை,
டிக்கெட் கட்டைக் கட்டைவிரலால் புரட்டிக்கொண்டு நின்றார்.
பாலம் முடியும்போது அவள் கை மேலே வந்தது.
ஐந்து விரல், அப்புறம் இரண்டு.
"ஏழா, சரி" என்று அரை டிக்கெட் கிழித்தார்.

இன்றிரவு அந்த வரிசையைத் திறந்தேன்.
தாழ்வை அழித்தேன். வேறெதுவும் போடவில்லை.
மதிப்பீட்டாளர் என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு
மரி தெரேஸ் என்று எழுதினேன்.
காரணம்: விதி ஆறு.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது.
எடுத்தேன். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லை.
சமையலறையில் கயலினி டப்பா மூடிகளைத் தட்டிக்கொண்டு
யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.
"யாரு பின்னால," என்றார் மரி தெரேஸ்,
"இவ்வளவு பேசுறது?"